சீடர் சதுப்பும் ஸ்ப்ரூஸ் சதுப்பும்: ஒரே குளிர், ஒரே மழை, ஏன் இத்தனை வேறுபாடு?

#1 நாணல்காடு

அமெரிக்காவின் வட மினசோட்டாவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊசியிலைச் சதுப்புக் காடுகள். நடுவே ஒரு மணல்மேடு, அவ்வளவுதான். மேற்குப் பக்கத்தில் வெள்ளைச் சீடர் என்ற மரம் (துயா ஆக்சிடென்டாலிஸ்) நெருக்கமாக நிற்கிறது; கீழே பெரணி, கோரை, ஆர்க்கிட் என்று கால்வைக்க இடமில்லை. கிழக்குப் பக்கத்தில் கறுப்பு ஸ்ப்ரூஸ் மட்டும், குட்டையாக, அடியில் பாசி மெத்தை. பீட் (பாதி மக்கிய தாவரக் கழிவு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த கரிமண்) இரண்டிலும் சுமார் 2 மீட்டர். மழையும் பனியும் ஒன்றே.

இரண்டு கேள்விகள். இந்த வேறுபாடு எதனால்? அடுத்தது, சீடர் காட்டில் பெரிய மரங்கள் நிறைய, ஆனால் இடுப்பளவுக் கன்று ஒன்றுகூட இல்லை. பால்சம் ஃபர் என்ற இன்னொரு ஊசியிலை மரத்தின் கன்றுகள்தான் மண்டிக் கிடக்கின்றன. எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

#2 பாசிப்படுகை

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். மரத்தை விடுங்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இந்தக் காடுகளில் மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பனியுகத்துப் பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது மணல், சரளை, சுண்ணாம்பு கலந்த மண் என்று கலவையாக விட்டுப்போயின. மேட்டில் விழும் மழை அந்த மண்ணுக்குள் இறங்கி, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு அடிவாரத்தில் கசிகிறது. அந்தக் கசிவு பீட்டுக்குள் ஓடும் இடத்தில் நீரின் பிஎச் 6-லிருந்து 7.5 வரை இருக்கும். சீடருக்கு வேண்டியது அதுதான். கிழக்குச் சதுப்பில் பீட் மேலெழுந்து வளர்ந்து, வேர்மட்டம் நிலத்தடி நீருக்கு எட்டாமல் போயிருக்க வேண்டும். அங்கே வருவது மழையும் பனியும் காற்றில் வரும் தூசியும் மட்டும். பிஎச் 4-ஐ ஒட்டியே நிற்கும்.

இதில் ஸ்பேக்னம் பாசியின் பங்கு பெரிது. நீரில் இருக்கிற கால்சியம், மக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு ஹைட்ரஜன் அயனியை விடும். அதனால் நீர் புளிக்கும், மற்ற செடிகள் ஒதுங்கும், பாசி இன்னும் பரவும். ஒருமுறை நிலத்தடி நீரின் பிடி விட்டுப்போனால் இந்தச் சுழற்சி தானாகவே வேகமெடுக்கும்.

ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம்.

வெப்பமானி: ஜூலை, ஆகஸ்டில் நீளமான கம்பி வெப்பமானியை 50 செ.மீ. ஆழத்துக்குக் குத்தி, மேட்டின் விளிம்பிலிருந்து உள்ளே 10 மீட்டருக்கு ஒரு அளவு எடுங்கள். சுற்றிலும் இருப்பதைவிடப் பல டிகிரி குளிர்ச்சியாக ஒரு பட்டை தெரிந்தால் அங்கே நிலத்தடி நீர் ஏறி வருகிறது என்று பொருள். செலவே இல்லாத முறை இது.

பீசோமீட்டர் (அந்தந்த ஆழத்து நீரின் அழுத்தத்தைக் காட்டும் குழாய்): இரண்டரை செ.மீ. பிவிசி குழாய் இரண்டு. அடியை அடைத்துவிட்டு, கடைசி 10–15 செ.மீ. மட்டும் ரம்பத்தால் கீறல் போடுங்கள். ஒன்றை 50 செ.மீ., மற்றொன்றை 150 செ.மீ. ஆழத்தில், அரை மீட்டர் இடைவெளியில் இறக்குங்கள். ஆழத்துப் பீட்டில் நீர் மிக மெதுவாகவே ஊறும், ஆகவே சில நாட்கள் விட்டுத்தான் அளக்க வேண்டும். ஆழக் குழாயில் நீர்மட்டம் உயர்ந்து நின்றால் நீர் மேலே வருகிறது. தாழ்ந்து நின்றால் கீழே இறங்குகிறது.

பலரும் கோட்டை விடுவது ஒரு விஷயத்தில். பீட்டின் மேற்பரப்பு மழைக்கு எழும்பும், வறட்சிக்கு அமுங்கும். குழாயும் கூடவே அசையும். பீட்டைத் தாண்டி அடிமண் வரை ஒரு இரும்புக் கம்பியை அடித்துவிட்டு, எல்லா அளவையும் அதன் தலையிலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் வருவது நீர்மட்டமா, நிலமட்டமா என்றே தெரியாது.

#3 களர்நிலம்

ஸ்பேக்னம் பாசி இருந்தாலே மழைநீர்ச் சதுப்புதானே? சீடர் காட்டுக்குள்ளும் அந்தப் பாசி திட்டுத்திட்டாகக் கிடக்கிறதே. அப்புறம் பிஎச் மீட்டர் எதற்கு?

#4 இலைக்காம்பு

இல்லை. ஸ்பேக்னம் ஒரே பாசி கிடையாது, பெரிய பேரினம். ஸ்பேக்னம் வார்ன்ஸ்டார்ஃபி சுண்ணாம்பு நீர் வரும் சதுப்பில் வளர்வது. ஸ்பேக்னம் ஃபஸ்கம் புளித்த, மழைநீரை மட்டும் நம்பிய திட்டுகளின் பழுப்புப் பாசி. பேரினப் பெயரோடு நின்றுவிட்டால் எதையும் சொல்ல முடியாது.

அதைவிட முக்கியம், அந்தப் பாசி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. சீடர் காட்டின் தரை சமதளமாக இருக்காது. மரம் சாய்ந்தால் வேர்த்தட்டு எழும்பி நிற்கும், பக்கத்தில் குழி விழும். விழுந்த கட்டை மக்கி, பாசி மூடித் திட்டாகும். திட்டின் தலைக்கும் குழியின் அடிக்கும் 30–50 செ.மீ. வித்தியாசம் இருந்தாலே தாவரங்கள் மாறிவிடும். தலைப்பகுதி மழையில் கழுவப்பட்டுப் புளித்திருக்கும்: அங்கே ஸ்பேக்னமும், கோப்டிஸ் ட்ரைஃபோலியாவும், ஊர்ந்து போகும் கால்தீரியா ஹிஸ்பிடுலாவும். குழியில் நிலத்தடி நீர்: அங்கே மைட்டெல்லா நூடா, சதுப்புச் சாமந்தி எனப்படும் கால்தா பலூஸ்ட்ரிஸ், மெல்லிய கோரைகளில் கேரெக்ஸ் லெப்டாலியா, கேரெக்ஸ் டைஸ்பெர்மா. ஆகவே திட்டின் தலையில் நின்று தீர்ப்பு எழுதாதீர்கள், குழியில் இறங்கிப் பாருங்கள்.

கிழக்குச் சதுப்பில் எதிர்பார்க்க வேண்டியவை: லாப்ரடார் தேயிலைப் புதர் (இலையைத் திருப்பினால் துருநிறச் சுணை), தோல்போன்ற இலையுள்ள கமடாஃப்னே, நூல்போல் படரும் சிறு கிரான்பெரி, கேரெக்ஸ் ட்ரைஸ்பெர்மா, பருத்திப்புல். பெரும்பாலும் எரிக்கேசிக் குடும்பம். வேரில் குடியிருக்கும் பூஞ்சைகள்தான் அவற்றுக்குக் கரிமப் பொருளிலிருந்து நைட்ரஜனை எடுத்துத் தருகின்றன. அந்தத் துணை இல்லாமல் அங்கே பிழைப்பது கஷ்டம். சரசீனியா பர்ப்யூரியாவும் ட்ரோசீராவும் பூச்சி பிடிப்பது அதே பற்றாக்குறையால்தான். ஆனால் சரசீனியாவை வைத்தே 'புளித்த சதுப்பு' என்று முடிவுகட்டாதீர்கள். போட்டி குறைந்த, வெளிச்சமான சுண்ணாம்பு நீர்ச் சதுப்பிலும் அது வளரும்.

மேற்கில் நீங்கள் பார்த்த ஆர்க்கிட் சிப்ரிபீடியம் ரெஜினேவாக இருந்தால் இரண்டு எச்சரிக்கை. 1902 முதல் அது மினசோட்டாவின் மாநில மலர், 1925 முதல் பறிப்பது சட்டப்படி குற்றம். தண்டிலும் இலையிலும் உள்ள சுணை சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் தரும். விதையில் உணவுச் சேமிப்பு கிடையாது. மண்ணில் உரிய பூஞ்சை அகப்பட்டால்தான் முளை பிழைக்கும், முதல் பூவுக்குப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். தோண்டி எடுத்து வீட்டில் வைத்தால் பெரும்பாலும் சாகும்.

#5 கொழுஞ்சி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பள்ளிக்கூடப் பாடத்துக்காகக் கேட்கிறேன். நம் பக்கம் இப்படி ஊசியிலைச் சதுப்பு உண்டா? சவுக்கு ஊசியிலை மரம்தானே? நர்சரியில் விற்கிற தூஜா இந்தச் சீடர்தானா?

#6 இலைக்காம்பு

சவுக்கு பூக்கும் தாவரம். ஊசிபோல் தெரிவது கணுக்கணுவான பச்சைக் குச்சி. கணுவில் பல்போல் சுற்றி இருப்பதுதான் இலை. நர்சரித் தூஜா பெரும்பாலும் கிழக்காசிய இனம், இப்போது பிளாட்டிகிளாடஸ் ஓரியன்டாலிஸ் என்று பெயர். சீடருக்குச் சொந்தம், ஆனால் சதுப்புக்கு ஆகாது, வேர் அழுகிவிடும். தென்னிந்தியாவுக்கே உரிய ஊசியிலை வகை மரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நாகேயா வாலிசியானா ஒன்றுதான். அதுவும் அகன்ற இலையுள்ளது, வாழ்வது ஈரமான பசுமைமாறாக் காட்டில். நம் பக்கத்து நன்னீர்ச் சதுப்புக் காடு என்றால் கேரளத்தின் காட்டுச் சாதிக்காய்ச் சதுப்புகளைச் சொல்லலாம்; அங்கே முட்டுவேர்தான், ஊசியிலை கிடையாது.

#7 நாணல்காடு

பாசிப்படுகை சார், மின்கடத்துதிறன் மீட்டரும் கையில் இருக்கிறது. கிழக்குச் சதுப்பில் பிஎச் 3.9, கடத்துதிறன் 62 மைக்ரோசீமென்ஸ் என்று வந்தால் அதை எப்படிப் படிப்பது? 62 என்றால் உப்பு கொஞ்சம் இருக்கிற மாதிரித் தெரிகிறதே.

#8 பாசிப்படுகை

அதில் பெரும்பகுதி உப்பு இல்லை, அமிலம். ஹைட்ரஜன் அயனியே மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். 25 டிகிரியில் பிஎச் 4 என்றால் அது மட்டுமே 35 மைக்ரோசீமென்ஸ் தரும். 3.9 என்றால் சுமார் 44. உங்கள் 62-இல் இருந்து அதைக் கழித்தால் மிச்சம் 18, கிட்டத்தட்ட மழைநீர். பிஎச் 5-க்குக் கீழே போனால் இந்தக் கழித்தல் கட்டாயம். மேற்கே பிஎச் 6.8 என்றால் கழிக்க ஒன்றுமில்லை.

பிஎச் மீட்டரை 4, 7 இரண்டு பஃபரிலும் (பிஎச் தெரிந்த கரைசல்) சரிசெய்துகொள்ளுங்கள். மழைக்கு மறுநாள் மேலே தேங்கிய நீரை எடுக்காதீர்கள். 30 செ.மீ. குழி தோண்டி, முதலில் ஊறும் கலங்கல் நீரை இறைத்துவிட்டு, இரண்டாம் முறை ஊறுவதை அளக்க வேண்டும். அயனி குறைந்த நீரில் பிஎச் எண் ஒரு இடத்தில் நிற்காமல் அலையும். அவசரப்படாமல் சில நிமிடம் விடுங்கள்.

பீட்டையும் பாருங்கள். ஒரு பிடி எடுத்து, புளி கரைக்கிற மாதிரி கையால் பிழியுங்கள். தெளிந்த நீர் மட்டும் வந்தால் வான் போஸ்ட் அளவில் (பீட் எவ்வளவு மக்கியது என்பதற்கான 1–10 அளவு) 1. கலங்கிய பழுப்பு நீர் வந்து, விரலிடுக்கில் பீட் வராவிட்டால் 3. மூன்றில் ஒரு பங்கு பிதுங்கினால் 6, மூன்றில் இரண்டு பங்கு என்றால் 8, கையில் ஒன்றுமே மிஞ்சாவிட்டால் 10. சீடர் காட்டுப் பீட் மரத்துண்டுகளோடு கறுத்து, நன்றாக மக்கி இருக்கும். ஸ்பேக்னம் பீட் மேல்பகுதியில் 1–3 என்று நாராகவே இருக்கும். கிழக்கில் ஆழம் போகப்போகக் கறுத்த மரப்பீட் தட்டினால், அந்த இடமும் ஒரு காலத்தில் நிலத்தடி நீர் குடித்த காடுதான்.

#9 வன்னிமரம்

இரண்டாம் கேள்விக்கு வருவோம். 'கன்று இல்லை' என்பது போதாது. எந்த உயரத்தில் இல்லை என்று பிரிக்க வேண்டும். 4 சதுர மீட்டர் வட்டம் (ஆரம் 1.13 மீ.) இருபது முப்பது போட்டு, சீடர் கன்றுகளை 30 செ.மீ.-க்குக் கீழே, 30 செ.மீ.–2 மீ., அதற்கு மேலே என்று மூன்றாக எண்ணுங்கள்.

சின்னக் கன்று இருக்கிறது, நடு உயரம் மட்டும் இல்லை என்றால் கடிபடுகிறது. சின்னதே இல்லை என்றால் விதைப்படுகையோ, வெளிச்சமோ, நீர்மட்டமோதான் கோளாறு. இந்த ஒரு பிரிப்பு இல்லாமல் வேலி போட்டுக் காசை விட்டவர்கள் உண்டு.

கடிப்பது யார் என்பது தண்டு முனையில் தெரியும். வெள்ளைவால் மானுக்கு மேல் முன்பல் கிடையாது, அதனால் பிய்த்து இழுக்கும், முனை நைந்திருக்கும். பனிமுயல் சாய்வாக, கத்தி வைத்த மாதிரி வெட்டும். பனிக்காலத்தில் பனி ஏற ஏற முயலும் மேலே எட்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மான் கூட்டம் குளிர்காலத்தில் சீடர் காட்டுக்குத்தான் ஒதுங்கும்: கவிகை (மரத் தலைகள் சேர்ந்த கூரை) பனியைத் தாங்கிக்கொள்ளும், காற்று அடிக்காது, சாப்பாடும் சீடரே. பெரிய மரங்களின் கீழ்க்கிளைகள் 2 மீட்டர் உயரத்தில் ஒரே மட்டமாக நின்றுபோயிருந்தால் அது மானின் கைவரிசை. ஃபரை வேறு வழியில்லாதபோதுதான் மான் தொடும். நீங்கள் பார்த்த ஃபர் மண்டலுக்கு அதுதான் காரணமாக இருக்கும். நிழலில் சீடர் ஆண்டுக்குச் சில செ.மீ. மட்டுமே வளரும், மானின் வாய்க்கு மேலே போவதற்குள் பல பத்தாண்டு போய்விடும்.

நடுவதாக இருந்தால்: நாற்றங்காலில் மூன்று நான்கு ஆண்டு வளர்ந்த, 30–40 செ.மீ. கன்று. உறை விலகிய வசந்தத்தில், கோடை நீர்மட்டத்துக்கு 15–30 செ.மீ. மேலே நிற்கும் திட்டில், நன்றாக மக்கிய கட்டையோரம். வரிசை பிடித்து நட்டால் பாதிக் கன்று குழியில் போய் உட்காரும், ஒரே மழையில் செத்துப்போகும். திட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கன்று.

கூண்டு 1.5–1.8 மீ. உயரம், 60 செ.மீ. அகலம், பற்றவைத்த கம்பி வலை. அடி 90 செ.மீ.-க்கு முயல் நுழையாத 2.5 செ.மீ. கண்ணுள்ள வலை தனியாகச் சுற்றுங்கள். பீட்டில் முளைக்குச்சி நிற்காது. ஒரு மீட்டராவது உள்ளே போகும்படி நீளக் குச்சி எடுங்கள், இல்லையென்றால் முதல் பனிப்பாரத்திலேயே கூண்டு சாய்ந்து கன்றையும் வளைத்துவிடும். மொத்தமாக வேலி என்றால் 2.4 மீ. உயரம். இந்தக் காட்டில் மரம் சாய்ந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு புயல்காற்றுக்கும் பிறகு வேலியைச் சுற்றிப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் அது வீண்.

விதை போதுமா என்றும் கேட்பார்கள். சீடர் விதை கிலோவுக்கு ஏழரை லட்சத்துக்கு மேல், அவ்வளவு பொடி. நல்ல காய்ப்பு சில ஆண்டுக்கு ஒருமுறை. விதை விழுவது பெரும்பாலும் தாய்மரத்திலிருந்து 45–60 மீட்டருக்குள். அந்தத் தூரத்துக்குள் காய்க்கும் மரம் இருக்கிறது என்றால் விதைக்காகக் கவலைப்படாதீர்கள்.

#10 புரூஸ்கரை

கனடாவிலை ஒண்டாரியோ பக்கத்து நிலைமையும் ஏறக்குறைய இதுதான். வன்னிமரம் சொன்னதோடை ரெண்டு விசயம் சேர்க்கிறன்.

சாய்ந்த சீடரை 'சுத்தம்' பண்ணிப் போடாதேங்கோ. படுத்த மரத்தின்ரை கிளையள் நிமிர்ந்து, பாசிக்குள்ளை வேர்விட்டுத் தனித்தனி மரமாய் வரும். நேர்வரிசையில நாலைஞ்சு சீடர் நிண்டால் கீழை ஒரு பழைய மரம் கிடக்குது எண்டு அர்த்தம். அதோடை மக்கின கட்டைதான் விதைக்கும் தொட்டில்: குழித் தண்ணியும் எட்டாது, உதிர்ந்த இலைப்படுக்கையும் மூடாது, ஈரமும் காயாது. கட்டையளை இழுத்து வெளியில எடுத்துப்போட்டு அடுத்த வருசம் கன்று நடுறது வீண்வேலை.

மற்றது, கவிகையைப் பெரிசாய்த் திறக்கிற ஆசை. மரங்கள் நாளும் தண்ணியை உறிஞ்சி ஆவியாக்கிக்கொண்டு நிற்கிறதாலதான் நீர்மட்டம் அந்த அளவிலை நிற்குது. ஒரேயடியாய் வெட்டினால் நீர்மட்டம் ஏறும், திட்டெல்லாம் நனையும், ஆல்டர் புதர் மூடிக்கொள்ளும். பிறகு சீடர் திரும்பி வாறது சும்மா இல்லை. 10–20 மீட்டர் அகல இடைவெளி போதும்.

புரூஸ் தீபகற்பச் சதுப்புகளிலை மசசாகா எண்ட விரியன் பாம்பு குளிர்காலத்தைக் கழிக்கிறது திட்டுக்குக் கீழை, உறைபனிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில. நடுக்குளிரிலை ஆரும் வாய்க்காலைத் திறந்து தண்ணியை இறக்கினால் உறைபனி கீழை இறங்கும், பாம்பு செத்துப்போகும். நீர்மட்டத்திலை கை வைக்கிற வேலையளைக் குளிர்காலத்திலை செய்யாதேங்கோ.

#11 களர்நிலம்

எல்லாரும் நீர்மட்டம், நீர்மட்டம் என்கிறீர்கள். அப்படியானால் கிழக்குச் சதுப்பில் ஒரு வாய்க்கால் வெட்டி நீரை இறக்கினால் ஸ்ப்ரூஸ் வளராதா? பின்லாந்தில் அப்படித்தானே காடு வளர்த்தார்கள்?

#12 பாசிப்படுகை

வளர்த்தார்கள், உண்மை. பின்லாந்தில் இருந்த சுமார் 100 லட்சம் ஹெக்டேர் பீட் நிலத்தில் ஏறக்குறைய பாதி காடு வளர்ப்புக்காக வடிக்கப்பட்டது, பெரும்பகுதி 1960, 70-களில். தாது கொஞ்சமாவது இருந்த இடங்களில் பைனும் ஸ்ப்ரூஸும் நன்றாகத் தடித்தன. மழைநீரை மட்டும் நம்பிய இடங்களில் வடிகால் செலவுக்குக்கூடக் கட்டவில்லை. காற்று கிடைத்தாலும் பாஸ்பரசும் பொட்டாசியமும் இல்லையே! கேள்வியில் உள்ள கிழக்குச் சதுப்பு இந்த இரண்டாம் வகை.

மினசோட்டாவிலேயே பாடம் இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெட் லேக் பீட் நிலத்தில் விவசாயத்துக்காக மைல் கணக்கில் வாய்க்கால் வெட்டினார்கள். விவசாயம் வரவில்லை, கவுண்டிகள் (மாவட்ட நிர்வாகங்கள்) கடனில் மூழ்கின, 1929-இல் மாநில அரசு அந்தக் கடனையும் நிலத்தையும் ஏற்க வேண்டியதாயிற்று. வாய்க்கால்கள் இன்றைக்கும் வான்படத்தில் நேர்கோடாகத் தெரியும். பீட்டுக்குள் நீர் அவ்வளவு மெதுவாக நகர்வதால் வாய்க்காலை ஒட்டிய பட்டைதான் வடியும். அதுவும் அமுங்கி, காற்றுப்பட்டு மக்கி, கரியமில வாயுவாகப் போய்விடும்.

கார்பன் கணக்கையும் போடுங்கள். ஒரு ஹெக்டேர், 2 மீட்டர் ஆழம் என்றால் 20,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் பீட்டில் உலர் எடை 100 கிலோ என்று வைத்தால் 2,000 டன். அதில் பாதி கார்பன்: 1,000 டன். மேலே நிற்கிற குட்டை ஸ்ப்ரூஸ் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதன் ஓரத்துக்கு வராது. மரம் தடிக்க பீட்டை எரிப்பது பெட்டி அழகாக வேண்டும் என்று பணத்தை எரிக்கிற கதை.

சூடேறினாலே என்ன ஆகிறது என்று மினசோட்டாவின் மார்செல் ஆய்வுக் காட்டில் ஸ்ப்ரூஸ் என்ற பெயரிலேயே ஒரு சோதனை நடத்தினார்கள். கறுப்பு ஸ்ப்ரூஸ், டாமராக் (லார்ச் வகை மரம்) நிற்கும் சதுப்பின்மேல் கூரையில்லாத, ஒளிபுகும் கூடுகள் கட்டி, வெளியைவிட 2.25, 4.5, 6.75, 9 டிகிரி வரை பீட்டையும் காற்றையும் சூடாக்கினார்கள். 2015-இல் முழு அளவில் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் சூடான கூடுகளில் ஸ்பேக்னம் பின்வாங்கியது, புதர் பெருகியது, சதுப்பு கார்பனைச் சேர்ப்பதை விட்டு இழக்கத் தொடங்கியது. வாய்க்கால் வெட்டாமலே இந்த நிலை.

#13 நாணல்காடு

இரண்டு சதுப்புக்கும் வடக்கே ஒரு பழைய காட்டுச்சாலை குறுக்கே போகிறது. சாலைக்கு மேல்பக்கத்தில் டாமராக்கும் சீடரும் நின்றபடியே காய்ந்திருக்கின்றன, கீழ்ப்பக்கம் நன்றாக இருக்கிறது. சாலையா காரணம்?

#14 வன்னிமரம்

பெரும்பாலும் அதுதான். பீட்டில் நீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது; மேல் 30 செ.மீ. நாரான அடுக்குக்குள் பரவலாக ஓடும். சாலைக்குக் கொட்டிய மண் அந்த அடுக்கை நசுக்கி அணையாக்கிவிடும். மேல்பக்கம் நீர் 20–30 செ.மீ. ஏறினால் போதும், வேர்கள் அந்த உயரத்துக்குள்தான் இருக்கின்றன, மூச்சுமுட்டிச் சாகும். கல்வெர்ட் (சாலைக்கு அடியில் நீர் போகும் குழாய்) இருந்தும் சாகிறதே என்று சிலர் கேட்பார்கள். போய்ப் பார்த்தால் குழாயைத் தரைமட்டத்துக்கு மேலே வைத்திருப்பார்கள். வெள்ளம் போகும், பீட்டுக்குள் ஓடும் நீர் போகாது.

செய்ய வேண்டியது: குறைந்தது 60 செ.மீ. விட்டக் குழாய், பாதி பீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். கீழ்ப்பாதி உள்நீருக்கு, மேல்பாதி வெள்ளத்துக்கு. 90 மீட்டருக்குள் ஒன்று, தாழ்ந்த இடங்களில் கட்டாயம். இரண்டு பக்கமும் சாலையோடு ஒட்டிச் சிறு வாய்க்கால் இருந்தால்தான் பரவலாக வரும் நீர் குழாய்க்கு வந்து, மறுபக்கம் மீண்டும் பரவும். அந்த வாய்க்காலை நீட்டி வேறு ஓடையில் கொண்டுபோய் விட்டால் கீழ்ப்பக்கம் வடிந்துபோகும், அதைச் செய்யாதீர்கள். பீவர் (அணைகட்டும் நீரெலி) அணைகட்டிக் குழாயை அடைப்பதும் சகஜம், வசந்தத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

டாமராக்கை மட்டும் சாலைமேல் பழி போடும் முன் பட்டையையும் பாருங்கள். 2000 வாக்கில் தொடங்கி மினசோட்டாவில் கிழக்கு லார்ச் வண்டு (டென்ட்ராக்டோனஸ் சிம்ப்ளெக்ஸ்) டாமராக்கைப் பெருவாரியாகக் கொன்றுவருகிறது. கோடை நீள்வதால் ஒரே ஆண்டில் இரண்டாம் குஞ்சுத் தொகுதியும் வளர்ந்துவிடுகிறது. அக்டோபருக்குப் பதிலாக ஜூலை, ஆகஸ்டிலேயே மஞ்சளிப்பது, பட்டையில் பிசின் வடிவது, மரங்கொத்தி பட்டையை உரித்துச் சிவப்பாகக் கிடப்பது, இவை அடையாளம். சீடரும் சேர்ந்து செத்திருப்பதால் உங்கள் இடத்தில் நீர்தான் முதல் சந்தேகம்.

#15 இலைக்காம்பு

ஒரு சின்ன இடைச்செருகல்: டாமராக் ஊசியிலை மரமானாலும் இலை உதிர்ப்பது. 2–3 செ.மீ. இலைகள் குட்டைக் குருத்தில் கொத்தாக இருக்கும், அக்டோபரில் பொன்னிறமாகி விழும். குளிர்காலத்தில் மொட்டையாக நிற்பதைப் 'பட்டமரம்' என்று கணக்கெடுத்துவிடாதீர்கள். குட்டைக் குருத்தின் குமிழ்களை நகத்தால் கீறுங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர்.

கறுப்பு ஸ்ப்ரூஸில் துடைப்பம்போல் அடர்ந்த கிளைக்கொத்து தெரிந்தால் குள்ளப் புல்லுருவி (ஆர்சியூதோபியம் புசில்லம்). செடி ஒன்றிரண்டு செ.மீ.தான், கோடைக் கடைசியில் விதையைப் பல மீட்டர் தூரம் பீச்சியடிக்கும், பசையோடு பக்கத்து மரத்தில் ஒட்டும். ஸ்ப்ரூஸ் வெட்டும்போது பாதித்த திட்டில் 1.5 மீட்டருக்கு மேலுள்ள ஸ்ப்ரூஸ் ஒன்றையும் விடக்கூடாது என்பது மினசோட்டா வனத்துறையினர் கடைப்பிடிக்கும் விதி. இரக்கப்பட்டு நடுத்தர மரத்தை விட்டுவைத்தால் கீழே வரும் புதுத் தலைமுறைக்கு மேலிருந்து விதை மழைதான்.

#16 கொழுஞ்சி

தீ? இவ்வளவு ஈரக் காடு எரியுமா?

#17 பாசிப்படுகை

எரியும். நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. கறுப்பு ஸ்ப்ரூஸ் பாதி மூடிய காய்களை உச்சியில் பல ஆண்டு வைத்திருந்து, தீக்குப் பிறகு விதையைக் கொட்டும். பீட் நனைந்திருந்தால் மேல்பாசி மட்டும் கருகி, நல்ல விதைப்படுகை கிடைக்கும். பீட் காய்ந்திருந்தால் தீ உள்ளே இறங்கிப் புகைந்துகொண்டே போகும்.

இதற்குத் தெளிவான உதாரணம் அட்லாண்டிக் கரையின் வெள்ளைச் சீடர், கமேசிபாரிஸ் தயாய்டிஸ். பெயரில்தான் ஒற்றுமை. இது புளித்த, தேநீர் நிறத் தண்ணீரில் வளர்வது, விதையைப் பீட்டின் மேலடுக்கில் சேமித்துவைக்கும். ஈரப் பீட்டின்மேல் தீ ஓடினால் போட்டிச் செடிகள் போய், சேமித்த விதை முளைக்கும். ஆழமாக எரிந்தால் விதையும் சாம்பல், தரையும் தாழும். வர்ஜீனியா, வட கரோலைனா எல்லையிலுள்ள கிரேட் டிஸ்மல் சதுப்பில் 2003-இல் இசபெல் சூறாவளி சீடரைப் பெரும்பாலும் சாய்த்தது. சாய்ந்த மரத்தை எடுத்துக்கொண்டிருந்த இயந்திரத்தால் 2008-இல் தீ. 2011-இல் மின்னல் விழுந்து அதே வடுவில் மறுபடி தீ, 111 நாள். பீட் எரிந்த இடங்கள் தாழ்ந்து நீர் தேங்கும் பள்ளமாயின, அங்கே சீடர் முளைக்க வழியில்லை. 1760-களிலிருந்து வெட்டிய வாய்க்கால்கள் பீட்டை ஏற்கனவே உலர்த்தி வைத்திருந்தன என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

#18 களர்நிலம்

சரி, வாய்க்கால் யோசனையை விட்டுவிடுகிறேன். நாணல்காடு, மேல்பக்கம் செத்த மரத்தை வெட்டி எடுப்பதாக இருந்தால் எப்போது?

#19 வன்னிமரம்

உறைந்த தரையில் மட்டும். வண்டி ஏறும் முன் பாதையில் பனியை ஒதுக்கி, மிதித்து அமுக்கிவிடுங்கள். பனிதான் போர்வை, அது கிடந்தால் பீட் உறையாது. சில இரவு கடுங்குளிர் போனபிறகு கம்பியால் குத்திப் பார்த்து, உறைந்த தடிமன் பாதை நெடுக ஒரே மாதிரி இருக்கிறதா என்று சோதியுங்கள். நிலத்தடி நீர் ஊறும் இடம் எவ்வளவு குளிரிலும் உறையாது, #2-இல் பாசிப்படுகை சொன்ன வெப்பமானிப் பட்டையைக் கோடையிலேயே குறித்துவைத்திருந்தால் வண்டியை அதற்குள் விடாமல் தப்பிக்கலாம். ஆனால் கல்வெர்ட்டைச் சரிசெய்து ஒரு முழு வளர்பருவம் நீர்மட்டம் இறங்கி நிற்கிறதா என்று பார்க்காமல் எதையும் வெட்டாதீர்கள். சாகும் நிலையிலுள்ள சீடர் இன்னும் விதை போடும்.

#20 நாணல்காடு

நன்றி. வரிசை இப்படி: முதலில் சாலைக் குழாய்களின் உயரம், கோடையில் வெப்பமானிக் கோடும் பீசோமீட்டரும், கூடவே 4 சதுர மீட்டர் வட்டங்கள். அளவுகள் வந்ததும் இதே இழையில் போடுகிறேன். வட்டங்களைத் திட்டு, குழி என்று தனித்தனியாகப் பதிய வேண்டுமா?

#21 இலைக்காம்பு

ஆமாம். ஒவ்வொரு வட்டத்திலும் திட்டு எத்தனை சதவீதம் என்று குறியுங்கள், ஒவ்வொரு கன்றுக்கும் அது நிற்பது திட்டிலா, கட்டையிலா, குழியிலா என்றும். தண்டை மெதுவாக இழுத்துப் பாருங்கள்: பக்கவாட்டில் பாசிக்குள் ஒரு கிளை தொடர்ந்தால் அது விதைக்கன்று இல்லை, வேர்விட்ட கிளை. இரண்டையும் ஒரே எண்ணில் சேர்த்தால் கணக்கு நன்றாக இருப்பதுபோல் ஏமாற்றும்.